ஓடும்போது நிற்கிறது, நிறுத்தினால் இறங்குகிறது: ஏ.எச்.யூ. டிரெயின் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே ஒரே பெட்டியைப் பற்றியவை. டக்ட் (காற்றுக் குழாய்) போட்ட ஏ.சி.யில், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலேயோ ஒரு அலமாரிக்குள்ளேயோ உட்கார்ந்திருக்கும் ஏ.எச்.யூ. (ஏர் ஹேண்ட்லிங் யூனிட்) பெட்டி. உள்ளே ஃபில்டர், குளிர்ந்த காயில் (காற்றின் ஈரம் தண்ணீராகப் படியும் குழாய்ச் சுருள்), காற்றை இழுத்துத் தள்ளும் ப்ளோயர், காயிலுக்கு அடியில் தண்ணீர் பிடிக்கும் டிரெயின் பேன், அதிலிருந்து வெளியே போகும் பைப். கேட்டவர்கள் எல்லோரும் தண்ணீரைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். நான் அடிக்கடி காற்றைப் பற்றிப் பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் ஏ.எச்.யூ. ஓடிக்கொண்டிருக்கும்போது பேன் நிரம்பி சீலிங்கில் சொட்டுகிறது. ஸ்விட்சை நிறுத்தியதும் குபுகுபுவென்று தண்ணீர் பைப் வழியாக இறங்கிவிடுகிறது. அடைப்பு என்று சொல்லி மூன்று பேர் வந்து பைப்பை ஊதிச் சுத்தம் செய்துவிட்டார்கள். மறுநாளே பழையபடி. பைப்பை மொத்தமாக மாற்றிவிடலாமா? (ஒரு வாசகி)

வேண்டாம் அம்மா. நீங்கள் எழுதிய இரண்டாவது வரியிலேயே பதில் இருக்கிறது. அடைத்த பைப்பாக இருந்தால் ஏ.சி. ஓடினாலும் ஓடாவிட்டாலும் தண்ணீர் இறங்காது. நிறுத்தியதும் இறங்குகிறது என்றால் பைப் திறந்துதான் இருக்கிறது. ஓடும்போது ஏதோ ஒன்று தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. அது காற்று.

பெரும்பாலான வீட்டு ஏ.எச்.யூ.க்களில் ப்ளோயர் காயிலுக்குப் பின்னால் இருக்கிறது. அதாவது, காற்றைக் காயில் வழியாக உறிஞ்சுகிறது. அதனால் பேன் இருக்கும் இடத்தில் வெளிக்காற்றைவிட அழுத்தம் குறைவு. பேனிலிருந்து போகும் பைப் வெறுமனே வெளியே திறந்திருந்தால், அதன் வழியாகவும் காற்று உள்ளே ஏறும். ஸ்ட்ராவில் உறிஞ்சும்போது தண்ணீர் மேலே வருகிறதே, அதே கதைதான். வெளியே போக வேண்டிய தண்ணீரை எதிரே வரும் காற்று தடுத்து நிறுத்துகிறது. சில வீடுகளில் அந்தக் காற்று பேனில் குமிழி குமிழியாகக் கிளம்பி, தண்ணீரைத் துளிகளாக ப்ளோயர் பக்கம் சிதறடிக்கும். அப்போது பேன் வழியாமலேயே டக்ட்டிலிருந்து சொட்டும். மெக்கானிக் குழம்பிப்போவார்.

நான் இதைப் பார்க்கும் முறை எளிது. ப்ளோயரை ஓடவிட்டு, பைப் வெளியே முடியும் வாயருகே டிஷ்யூ தாளில் கிழித்த ஒரு சின்னத் துண்டைப் பிடிப்பேன். தாள் வாயோடு ஒட்டிக்கொண்டு படபடத்தால் பைப்பில் டிராப் (தண்ணீர் நிற்கும் வளைவு) இல்லை, அல்லது டிராப் இருந்தும் வறண்டு கிடக்கிறது. தாள் சும்மா தொங்கினால் அந்தச் சந்தேகத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேடுவேன். இதை நீங்களே செய்யலாம், ஏணியில் ஏறுவதாக இருந்தால் மட்டும் துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

வைத்தியம், பேனுக்குப் பக்கத்திலேயே ஒரு ‘யூ’ வளைவு, அதாவது டிராப். வளைவில் நிற்கும் தண்ணீர் காற்றை அடைக்கும், மேலிருந்து வரும் தண்ணீரை மட்டும் வழியவிடும். ஆனால் ஏதோ ஒரு வளைவைப் போட்டால் போதாது. உறிஞ்சும் அழுத்தம் எவ்வளவோ அவ்வளவு உயரத்துக்கு வளைவின் உள்பக்கம் தண்ணீர் மேலேறி நிற்கும். அந்த உயரம் பேனின் வாயைத் தொட்டுவிடக் கூடாது. அதனால் டிராப்பின் வெளிவாய், பேனின் வாயைவிட ‘உறிஞ்சும் உயரம் கூட்டல் 1 அங்குலம்’ கீழே இருக்க வேண்டும். அதற்கும் கீழே, அந்த மொத்தத்தில் பாதி ஆழத்துக்கு வளைவில் தண்ணீர் நிற்க வேண்டும். உறிஞ்சுதல் 1 அங்குலத் தண்ணீர் உயரம், அதாவது சுமார் 250 பாஸ்கல் என்று வைத்துக்கொண்டால் 2 அங்குல இறக்கம், 1 அங்குல ஆழம். பல வீட்டு மெஷின்களுக்கு இந்தக் கணக்கே தாராளம். ஆனாலும் அளந்து பார்த்துவிட்டுப் போடுகிறவர்தான் நல்ல மெக்கானிக். கடையில் கிடைக்கும் குட்டையான ரெடிமேட் டிராப்பை எடுத்துவந்து மாட்டுகிறவரிடம் இந்த இரண்டு அளவையும் கேளுங்கள்.

இன்னொன்று. டிராப்புக்குப் பிறகு ஒரு ‘டீ’ (T வடிவ இணைப்பு) போட்டு, அதன் மேல்வாயைத் திறந்து விடுவார்கள். அது வென்ட், அதாவது காற்றுவாய், திறந்தே இருக்க வேண்டும். டிராப்புக்கு முன்னால், பேன் பக்கத்தில் ஒரு வாய் இருந்தால் அது சுத்தம் செய்வதற்கு. அதை மூடியே வைக்க வேண்டும். மூடியை வென்ட்டில் மாற்றிப் போட்டுவிட்டுப் போன வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பேன் பக்க வாய் திறந்திருந்தால் டிராப் இருந்தும் பயனில்லை, காற்று அந்த வழியாக ஏறிவிடும்.

கேள்வி: பெட்டியருகே ஒரு டிராப் இருக்கிறது. பாதுகாப்புக்காக பைப் வெளியே போகும் முனையிலும் இன்னொரு டிராப் வைக்கலாமா?

கூடாது. இரண்டு டிராப்புக்கும் நடுவில் காற்று மாட்டிக்கொண்டு தண்ணீரை நகரவிடாது. ஒரு பைப்புக்கு ஒரு டிராப். பைப் நடுவே தொய்ந்து தொப்பை விழுந்திருந்தால் அதுவும் இரண்டாவது டிராப்தான், யாரும் வைக்காமலே வந்தது.

கேள்வி: புது வீட்டில் டக்ட் ஏ.சி. போடுகிறோம். ஏ.எச்.யூ.விலிருந்து வெளிச்சுவர் வரை 20 அடி. பைப்புக்கு வாட்டம் (சரிவு) விட்டால் சீலிங்கை இறக்க வேண்டியிருக்கும், மட்டமாகவே கொண்டுபோகலாம், தண்ணீர் தானாகப் போய்விடும் என்கிறார் இன்டீரியர் வேலை செய்பவர். சரியா? வேறு என்னென்ன கவனிக்க வேண்டும்?

தண்ணீர் தானாகப் போகும் தம்பி, அவர் தலைக்கு மேல் அல்ல, உங்கள் தலைக்கு மேல்.

அடிக்கு அரைக்கால் அங்குலம், அதாவது நூற்றுக்கு ஒன்று, குறைந்தபட்ச வாட்டம். நான் அடிக்குக் கால் அங்குலம் கேட்பேன். உங்கள் 20 அடிக்கு அது 5 அங்குலம். பேனுக்கும் டிராப்புக்கும் உள்ள இறக்கத்தைச் சேர்த்தால் இன்னும் கூடும். சீலிங் உயரத்தை முடிவு செய்வதற்கு முன்பே இந்தக் கணக்கை இன்டீரியர்காரரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அவ்வளவு உயரம் கிடைக்கவே கிடைக்காது என்றால் ஏ.எச்.யூ.வை வெளிச்சுவர்ப் பக்கம் நகர்த்தப் பாருங்கள். அதுவும் முடியாவிட்டால் கடைசி வழி டிரெயின் பம்ப். பம்ப் ஒரு நாள் நிற்கும். அன்றைக்கு மெஷினையும் சேர்த்து நிறுத்தும் பாதுகாப்பு ஸ்விட்ச் அதில் இருக்க வேண்டும், அந்த ஒயரை உண்மையிலேயே இணைத்திருக்கவும் வேண்டும்.

பைப் முக்கால் அங்குலத்துக்குக் குறையக் கூடாது. 1 அங்குலம் என்றால் இன்னும் நிம்மதி. பேனின் வாயைவிடச் சிறிய பைப்பை எந்த இடத்திலும் செருக விடாதீர்கள். பி.வி.சி. பைப்பை 4 அடிக்கு ஒரு கிளாம்ப் போட்டுத் தாங்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே சொன்ன தொப்பை விழும். சீலிங்குக்குள் ஓடும் நீளம் முழுவதும் ரப்பர் இன்சுலேஷன் சுற்றுங்கள். உள்ளே ஓடுவது குளிர்ந்த தண்ணீர், புழுக்கமான நாளில் பைப்பின் வெளிப்பக்கமும் வியர்க்கும். சொட்டுவது பைப்பின் உள்ளிருந்தா வெளியிலிருந்தா என்று தெரியாமல் மூட்டு மூட்டாகப் பிரித்துப் பார்த்தவர்கள் உண்டு.

பைப்பின் முடிவு எங்கே என்பது முக்கியம். கழிவறைக் குழாயோடு நேராக ஒட்டிவிடுவது ஒரு பழக்கம், வேலை சுலபம் என்பதால். என்றைக்காவது டிராப் வறண்டால் சாக்கடை நாற்றத்தை ப்ளோயர் உறிஞ்சி எல்லா அறைக்கும் பங்கு போட்டுக் கொடுக்கும். பைப் ஒரு தரை டிரெயினுக்கு மேலே இடைவெளி விட்டு, கண்ணுக்குத் தெரியும்படி சொட்டட்டும்.

அப்புறம், ஏ.எச்.யூ.வுக்கு அடியில் இரண்டாவதாக ஒரு பெரிய தட்டு. மேல் பேன் வழிந்தால் பிடித்துக்கொள்ள. அதற்குத் தனி பைப். முதல் பைப்போடு இதைச் சேர்த்துவிட்டால் முதல் பைப் அடைக்கும்போது இதுவும் அடைக்கும், வைத்ததே வீண். இந்த இரண்டாவது பைப்பை மட்டும் மறைவான இடத்தில் விடாதீர்கள். ஜன்னலுக்கு மேலேயோ வாசலருகிலோ கண்ணில் படுகிற இடத்தில் விடுங்கள். அதில் ஒரு சொட்டு வந்தாலும் முதல் பைப்பில் கோளாறு என்று உடனே தெரியும். தட்டில் ஒரு ஃப்ளோட் ஸ்விட்ச் வைத்தால் தண்ணீர் ஏறும்போது மெஷினே நின்றுவிடும். ஊருக்குப் போயிருக்கும் நாளில் அதுதான் காப்பாற்றும்.

பெட்டியை ரசமட்டம் வைத்துப் பாருங்கள். டிரெயின் வாய் பக்கம் ஒரு துளி சாய்ந்திருந்தால் தவறில்லை, எதிர்ப்பக்கம் சாய்ந்தால் பேனின் மூலையில் எப்போதும் தண்ணீர் தேங்கும், பாசி பிடிக்கும். சீலிங் மூடுவதற்கு முன் ஃபில்டர், காயில், டிராப் மூன்றையும் எட்டுகிற மாதிரி கதவு வைக்கச் சொல்லுங்கள். கதவு அழகைக் கெடுக்கிறது என்பார்கள். சீலிங்கை அறுத்துத் திறந்து ஒட்டுப்போட்ட சதுரம் அதைவிட அழகாக இருப்பதில்லை.

கடைசியாக, தண்ணீர்ச் சோதனை. பேனில் தண்ணீர் ஊற்றிக் காட்டுவார்கள். ப்ளோயர் ஓடாமல் ஊற்றினால் எந்த பைப்பிலும் தண்ணீர் போகும். ப்ளோயரை முழு வேகத்தில் ஓடவிட்டு, பெட்டியின் கதவுகளை மூடிய பிறகு பார்க்க வேண்டும். கதவு திறந்திருந்தால் உறிஞ்சுதல் குறைந்துவிடும், சோதனை பொய். ஆகவே முதலில் பேனில் தண்ணீரை நிரப்பி, கதவை மூடி, ப்ளோயரைப் போட்டு, வெளியே வாயில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: குழந்தைக்கு தூசி ஒவ்வாமை. நல்ல ஃபில்டராகப் போடச் சொன்னார்கள் என்று மெர்வ் (ஃபில்டர் எவ்வளவு நுண்ணிய தூசியைப் பிடிக்கும் என்ற தர எண்) 8-லிருந்து மெர்வ் 13-க்கு மாறினோம். இரண்டு மாதம் கழித்து, இதுவரை இல்லாத தண்ணீர்க் கசிவு. ஃபில்டருக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய சம்பந்தம். இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மகிழ்ச்சி, ஏனென்றால் இரண்டையும் ஒன்றாக யாரும் யோசிப்பதில்லை.

அடர்த்தியான ஃபில்டர், அதே அளவுச் சட்டத்தில், பொதுவாகக் காற்றைக் கூடுதலாகத் தடுக்கும். தூசி சேரச் சேரத் தடை ஏறும். ப்ளோயர் அதைத் தாண்டி இழுக்கும்போது, ஃபில்டருக்கும் ப்ளோயருக்கும் நடுவில் இருக்கும் பேனில் உறிஞ்சுதல் கூடுகிறது. 100 பாஸ்கல் கூடினால், டிராப்பில் தண்ணீர் 1 சென்டிமீட்டர் மேலே ஏறி நிற்கும். உங்கள் டிராப் பழைய ஃபில்டருக்கு விளிம்பில் சமாளித்துக்கொண்டிருந்திருக்கும். அந்த 1 சென்டிமீட்டர் அதைக் கவிழ்த்துவிட்டது. ஃபில்டரைக் கழற்றிவிட்டுக் கால் மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். பேனில் தேங்கியது இறங்கிவிட்டால் காரணம் அதுதான். சோதனைக்கு மட்டும். ஃபில்டர் இல்லாமலே விட்டுவிட்டால் தூசியெல்லாம் ஈரக் காயிலில் போய் அப்பிக்கொள்ளும்.

மெர்வ் 13 கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஒவ்வாமை உள்ள வீட்டுக்கு அது நல்லதுதான். ஆனால் 1 அங்குலத் தடிமனில் அதைப் போடாமல், 4 அங்குலத் தடிமனில், மடிப்பு நிறைய உள்ளதாகப் போட இடம் செய்துகொள்ளுங்கள். காற்று கடக்கும் பரப்பு பெரிதானால் தடை குறையும், ஃபில்டரும் அதிக நாள் வரும். அதோடு டிராப்பை ஆழப்படுத்தச் சொல்லுங்கள். பேனில் உள்ள தண்ணீரை மட்டும் துடைத்துவிட்டுப் போகிறவரை அடுத்த முறை கூப்பிடாதீர்கள்.

கேள்வி: காயில் முழுக்கப் பனிக்கட்டி. கேஸ் தீர்ந்துவிட்டது, நிரப்ப வேண்டும் என்கிறார்கள். நிரப்பலாமா?

கேஸ் எரிபொருள் அல்ல, ஓட ஓடத் தீர்வதற்கு. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது, அந்த ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் நிரப்புவது வீண் வேலை. ஆனால் அதற்கும் முன்னால், ஃபில்டரைப் பாருங்கள். காற்று குறைந்தாலும் காயில் உறைநிலைக்குக் கீழே போய்ப் பனி கட்டும். மூடி வைத்த அறைகளின் காற்றுத் திறப்புகள், தூசி அப்பிய ப்ளோயர் சக்கரம் இவையும் அதையே செய்யும்.

இப்போதைக்குக் குளிர்ச்சியை நிறுத்தி ப்ளோயரை மட்டும் ஓடவிடுங்கள். பனி முழுக்க உருக சில மணி நேரம் ஆகலாம். உருகும்போது வழக்கத்தைவிட அதிகத் தண்ணீர் ஒரேயடியாக வரும், பேன் வழியக்கூடும், கீழே உள்ள பொருள்களை நகர்த்திவிடுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் பனியைக் குத்திப் பெயர்க்கும் வேலை மட்டும் வேண்டாம். அதற்கப்புறம் கேஸ் உண்மையாகவே தீர்ந்துவிடும்.

கேள்வி: டிரெயின் பைப்பில் பாசி. பிளீச் ஊற்றலாமா, வினிகர் ஊற்றலாமா? கொதிநீர்?

கொதிநீர் வேண்டாம், 60 டிகிரிக்கு மேல் பி.வி.சி. இளகும். கை பொறுக்கும் சூடு போதும். பிளீச் உலோகப் பேனை அரிக்கும், அதன் ஆவியை ப்ளோயர் வீடு முழுக்கப் பரப்பும். வெள்ளை வினிகர் ஒரு கோப்பை, ப்ளோயரை நிறுத்திவிட்டு, பைப்பின் சுத்தம் செய்யும் வாயில் ஊற்றி அரை மணி நேரம் கழித்துத் தண்ணீர் விடுங்கள். காயில் மேல் வினிகர் தெளிக்காதீர்கள், அசிட்டிக் அமிலம் செம்புக் குழாயில் ஊசிமுனைத் துளைகள் போட்டுவிடும். வினிகரும் பிளீச்சும் ஒன்றாகச் சேரவே கூடாது, குளோரின் வாயு வரும். நேற்று ஒன்று இன்று ஒன்று என்றும் ஊற்றாதீர்கள்.

பாசி கெட்டியாக இருந்தால் ஊற்றுவதெல்லாம் நேர விரயம். தண்ணீர் உறிஞ்சும் வாக்யூம் கிளீனரை வெளி முனையில் வைத்து, சுற்றிலும் துணியால் அடைத்து, வென்ட்டையும் கையால் மூடிக்கொண்டு இரண்டு நிமிடம் இழுங்கள். வழவழவென்று கறுப்புக் கயிறு மாதிரி ஒன்று வந்து விழும். அப்புறம் டிராப்பில் மறக்காமல் தண்ணீர் ஊற்றி வையுங்கள், வாக்யூம் அதையும் காலி செய்திருக்கும்.

கேள்வி: ஏ.சி. ஓடியும் வீடு பிசுபிசுவென்று இருக்கிறது. ஃபேனை ‘ஆட்டோ’வில் வைப்பதா, ‘ஆன்’-இல் வைப்பதா என்று வீட்டில் சண்டை.

ஈரமான காலத்தில் ‘ஆட்டோ’ என்கிறவர் பக்கம் நான். கம்ப்ரஸர் நின்ற பிறகும் காயில் தகடுகளிலும் பேனிலும் தண்ணீர் இருக்கும். ‘ஆன்’-இல் வைத்தால் ப்ளோயர் ஓயாமல் ஓடி, கஷ்டப்பட்டுப் பிடித்த அந்த ஈரத்தை உலர்த்தித் திரும்ப அறைக்குள்ளேயே விடும்.

1902-இல் வில்லிஸ் கேரியர் தன் முதல் ஏ.சி.யை வடிவமைத்தது மனிதர்களுக்காக அல்ல. நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு அச்சகத்தில் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி, வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் போயின. அந்த ஈரத்தை எடுக்கத்தான். குளிர்ச்சியை மட்டும் பார்த்து மெஷின் வாங்குகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். வீட்டுக்குத் தேவையைவிடப் பெரிய டன் போட்டிருந்தால், அறை சீக்கிரம் குளிர்ந்து மெஷின் நின்றுவிடும், ஈரம் அப்படியே இருக்கும். அது ஸ்விட்சில் தீராது.

கேள்வி: டிரெயினில் வரும் தண்ணீரைப் பிடித்துப் பயன்படுத்தலாமா?

செடிக்கும் தரை துடைக்கவும் தாராளமாக. புழுக்கமான நாளில் ஒரு டன்னுக்கு மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலேகூட வரும், வீணாக்க மனசு வராதுதான். குடிக்கக் கூடாது. உப்பு இல்லாத தண்ணீர் என்பது உண்மை, ஆனால் காயிலின் தூசியையும் பேனின் பாசியையும் கழுவிக்கொண்டு வருகிறது.

கேள்வி: சர்வீஸுக்கு வருகிறவர் ஃபில்டரை மட்டும் கழுவிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். நாங்கள் என்ன கேட்க வேண்டும்?

ஃபில்டரை நீங்களே பாருங்கள், அதற்கு ஆள் வேண்டாம். ஏ.சி. நிறைய ஓடும் காலத்தில் மாதம் ஒரு முறை கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் போதும். கழுவும் வகை என்றால் கழுவி நன்றாக உலர்த்தி, காற்று போகும் அம்புக்குறி காயில் பக்கம் பார்த்திருக்கும்படி மாட்டுங்கள். காகித வகையைக் கழுவாதீர்கள், மாற்றுங்கள்.

வருகிறவரிடம் காயிலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தகடுகளை அவற்றின் போக்கிலேயே மென்மையான பிரஷ்ஷால் துடைக்கட்டும், குறுக்கே தேய்த்தால் மடங்கிவிடும். ப்ளோயர் சக்கரத்தின் இதழ்களில் டார்ச் அடித்துப் பாருங்கள், உள்வளைவில் தூசி படிந்திருந்தால் காற்று குறையும். ஃப்ளோட் ஸ்விட்ச்சை விரலால் தூக்கி மெஷின் நிற்கிறதா என்று காட்டட்டும். பல வீடுகளில் அது நிற்பதில்லை, ஒயரே கொடுத்திருக்க மாட்டார்கள். நெடுநாள் ஓடாத மெஷினாக இருந்தால் டிராப் வறண்டிருக்கும், முதலில் தண்ணீர் ஊற்றி நிரப்பச் சொல்லுங்கள்.

அப்புறம் பேனில் தண்ணீர் நிரப்பி, கதவை மூடி, ப்ளோயரைப் போடச் சொல்லுங்கள். வெளியே பைப் வாயில் நீங்கள் நின்று பாருங்கள். தண்ணீர் சீராக வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.